இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை

நேயர்களுக்கு வணக்கம்.

எலும்பு முறிந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் பிடித்தபடி பெற்றோர் கலங்கிப்போய் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) என்ற வரியில் ‘அதிகம்’ என்று அச்சாகியிருக்கும். “டாக்டர், உள்ளே சீழ் பிடித்துவிட்டதா?” என்பதுதான் முதல் கேள்வி.

பெரும்பாலும் இல்லை. எலும்பு உடைந்ததும் காயம், அதைச் சேர்க்க நாங்கள் கத்தி வைத்ததும் காயம். காயம் பட்டதும் கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொடும். கிருமியே இல்லாவிட்டாலும் ஏறும். சுரப்பு நின்றதும் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். தொடையைத் திறந்து பிளேட் வைத்த குழந்தைக்கு ஏறுகிற அளவு, தோல் வழியாகக் கம்பி செருகிய குழந்தைக்குப் பொதுவாக ஏறாது. அதனால் பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான். ஆய்வகம் மாறியதால் எண் பத்து மடங்கானதைக் கண்டு பயந்தவர்கள் உண்டு.

அதே அறிக்கையில் உள்ள ஈ.எஸ்.ஆர்., அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம், மெதுவாக ஏறி, வாரக்கணக்கில் உயர்ந்தே கிடக்கும். முதல் வாரத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளை அணுக்களோ குழந்தை வீறிட்டு அழுதாலே கூடிவிடும்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? உச்சத்தைத் தாண்ட வேண்டிய நாளிலும் சி.ஆர்.பி. இறங்காவிட்டால், அல்லது இறங்கிவிட்டு மறுபடி ஏறினால். கூடவே காய்ச்சல் திரும்புகிறதா, தையலைச் சுற்றிச் சிவந்து நீர் கசிகிறதா என்று பார்ப்போம். குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடும்போது, ஒற்றை எண்ணுக்காக ஆன்டிபயாடிக்கை நீட்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டினாலே குழந்தை அலறினால், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கட்டுக்குள்ளே தசையில் அழுத்தம் ஏறியிருக்கலாம். அதை சி.ஆர்.பி. காட்டிக்கொடுக்காது. சில மணி நேரத் தாமதத்திலேயே தசை செத்துவிடும்.