மூடி வைத்த பாட்டுப் பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுபது சென்ட் ரப்பர் உண்டு. இளவயது முதலே ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டேப் ரிக்கார்டர் என்று இவற்றோடேயே வாழ்ந்துவிட்டேன். அந்தப் பித்தால் எனக்குக் கிடைத்த சிநேகிதர்கள் ஒன்பது பேர். என்னோடு சேர்த்துப் பத்து. இந்தப் பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை எப்படி நிறுத்தினோம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எங்களுக்குள் சண்டை ஏதும் நடக்கவில்லை. கையில் காசு இல்லாமல் போனது. காசு இல்லாமல் போனால் சாமான் வாங்க முடியாது, சரி. சிநேகிதம் ஏன் கலைய வேண்டும்? பல வருடமாக இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

அழகியமண்டபத்தில் அப்போது ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரரை நாங்கள் எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கியபோது, மாதக்கணக்கில் அவர் கடையில் தூசி படிந்து கிடந்த பெட்டிகளைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் ஊர்ச் செய்தியும் நம் ஊர்ப் பாட்டும் வரப்போகிறது என்றால் வீட்டில் ரேடியோ பாடாமல் இருக்கலாமா? ஒரு வாரம் அவருக்குச் சாப்பிட நேரமில்லை. உதவிக்கு என்று போய் உட்கார்ந்தவர்கள்தான் பிறகு சனிக்கிழமைக் கூட்டமாக ஆனோம். வங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர், நகைத் தொழிலாளி ஒருவர், திங்கள்நகரில் மைக் செட் வைத்திருந்தவர், குளச்சலில் இருந்து வளைகுடாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், என் பழைய மாணவன் ஒருவன், இப்படி.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒருவர் பெட்ஷீட்டில் சுற்றி எதையாவது கொண்டுவருவார். அதைத் திறப்போம், கேட்போம், தர்க்கம் செய்வோம். ஸ்பீக்கர் பெட்டிக்கு அயினிப் பலகை நல்லதா, பிளைவுட் நல்லதா என்று ஒரு வழக்கு மூன்று வருடம் நடந்தது. அயினி நம் மரம், அதில் செய்தால் சத்தத்துக்குக் கனம் வரும் என்பார் நகைத் தொழிலாளி. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, மழையில் ஊதி வெயிலில் சுருங்கி அந்தப் பெட்டி மூலை விட்டுவிடும் என்பது மைக் செட்காரரின் கட்சி. கடைசியில் அவர் சொன்னதே நடந்தது. 

1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. எங்கள் குளச்சல் நண்பர் அங்கேதான் இருந்தார். உடுத்த துணியோடு திரும்பி வந்தார். முந்தைய விடுமுறையில் கொண்டுவந்த ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஜப்பான் டூ இன் ஒன் மட்டும் வீட்டில் இருந்தது. அதையும் விற்றார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடக் கூட்டத்துக்கு வராமல் இருக்கவில்லை. வந்து என்ன செய்தார்? சால்டரிங் அயர்னைப் பிடித்தார். அந்தக் காலத்தில் எங்களில் யாருக்குமே புதுச் சாமான் வாங்க வசதி கிடையாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர், நாகர்கோவிலில் வாங்கிய, சத்தத்தைப் பெருக்குகிற 4440 ஐசி, கழற்றி எடுத்த கெப்பாசிட்டர், தகரத்தில் வெட்டிய பெட்டி, இதுதான் ஆம்ப்ளிஃபயர். கார் ஸ்டீரியோவுக்காக ஜப்பானில் செய்த அந்த ஐசி பக்கத்துக்கு ஆறு வாட் தரும். அந்த ஆறு வாட்டில் ஒரு தெருவே பாட்டுக் கேட்கும். செய்வதற்கு வேலை இருந்தது, பேசுவதற்கு விஷயம் இருந்தது. வேலை போனவனுக்கும் அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது.

பிறகு நல்ல காலம் வந்தது. 2011-இல் ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்குக்கூட நல்ல விலை. குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் புது வீடுகள் எழும்பின. எங்கள் கூட்டத்திலும் புதுப் பெட்டிகள் வந்தன. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர், விரல் பருமனுக்கு ஒயர். எனக்கும் ஆசை இருந்தது, நானும் வாங்கினேன். அந்த ஸ்பீக்கர்களில் கேட்ட வயலின் ஒலி இன்னும் காதில் நிற்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கைந்து வருடத்தில் எங்கள் பேச்சு மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் உள்ளே வரும்போதே, "ஆசானே, இது ஏன் இரைகிறது?" என்று கேட்டுக்கொண்டு வருவோம். இப்போது, "புதிதாக என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம். ஆசானும் அந்தச் சமயத்தில் காலமாகிவிட்டார். கடை பூட்டப்பட்டது. கூட்டம் வீடுகளுக்கு மாறியது. வீடுகளில் ஸ்டூல் கிடையாது, சோபா இருந்தது.

2016 தொடக்கத்தில் ரப்பர் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போனது. அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். என் மாணவனுக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டம். வங்கிக் கடனில் வாங்கியது. ஒரே பகலில் பாதி மரம் சாய்ந்தது. ரப்பர் நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். விழுந்த மரத்தோடு அவனுடைய ஏழு வருடமும் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. வந்து என்ன சொல்வான்? "புதிதாக என்ன வாங்கினாய்?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. கடன் இருப்பவன் பாட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சம் ஒவ்வொருவராகப் பிடித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மைக் செட்காரருக்கு அது பெரிய அடி. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஊர் ஊராகக் கொடை நடக்கும் காலம். ஒரு வருட வருமானம் அந்த மூன்று மாதத்தில்தான். எல்லாம் நின்றது. குழாய் ஸ்பீக்கர்களை எடை போட்டு இரும்புக் கடையில் கொடுத்தார். அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. கடை வாசலில் கிடந்த குழாயில் அவர் கையால் எழுதிய பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே ஒக்கி நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மின்கம்பங்கள் சாய்ந்து எங்கள் பக்கம் பல நாள் மின்சாரம் இல்லை. ஆளுயர ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊமை. அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இரண்டு பேட்டரி போடுகிற ஒரு டிரான்ஸிஸ்டர் இருந்தது. பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு பிடித்துப் பாடாமல் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். பாடியது. சொல்லிவைத்தாற்போல் அன்று மாலைக்குள் இன்னும் நான்கு டிரான்ஸிஸ்டர்கள் என் திண்ணைக்கு வந்துவிட்டன. இருட்டில் ஒரு சின்னப் பெட்டியைச் சுற்றி இருபது பேர் மூச்சடக்கி நின்றோம். கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சேதி வருமா என்று மீனவர் ஊரான தூத்தூரில் உறவுள்ள ஒரு பெண் பெட்டியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் நான் சரிசெய்த கருவிகளில் எனக்கு முக்கியமானது அந்த டிரான்ஸிஸ்டர்தான். அதைச் சரிசெய்ய ஒரு துண்டு உப்புத்தாள் போதுமானதாக இருந்தது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறைத்தது போன வருடம். மைக் செட்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே பதினேழு காசெட்டுகள். எண்பதுகளின் கடைசியில் அவர் மைக் செட் கட்டிய கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டுகள். முத்தாரம்மன் கதை, சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை. பாடியவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. "சார், இதையும் எறிந்துவிடலாம் என்று எடுத்தேன். மனது கேட்கவில்லை" என்றார்.

ஒன்றைத் திறந்து பார்த்தேன். நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் காசெட்டுக்கு நேர்வது இதுதான். ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, நாடாவை வேறொரு கூட்டுக்குள் மாற்றி, ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகி, பஞ்சில் ஒற்றி ஒற்றிச் சுற்ற வேண்டும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். பதிவைப் படிக்கிற ஹெட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டும் பசை விட்டு உதிர்ந்திருந்தது. ஒரு காசெட்டுக்கு மூன்று நாள் ஆனது. அது முடிந்த பிறகுதான், போட்டுக் கேட்க நல்ல காசெட் டெக் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. என்னுடையதை விற்று வருடம் பல ஆகியிருந்தது. கூட்டத்தில் ஒருவனிடம்தான் இருந்தது.

பேச்சிப்பாறைக்குப் பஸ் ஏறினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்ததும் என் மாணவன் முதலில் சொன்னது, "அதையெல்லாம் விட்டுவிட்டேன் சார்" என்பதுதான். நான் எதையும் கேட்பதற்கு முன்பே சொன்னான். அவன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். டெக் கட்டிலுக்கு அடியில், அதே பெட்ஷீட்டில் சுற்றியபடி இருந்தது. திறந்தோம். உள்ளே பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக் கிடந்தது. ரப்பர் விவசாயி வீட்டில் ரப்பர் பெல்ட் உருகிக் கிடக்கிறது என்று அவன் சொன்னான். சொல்லும்போது கண் கலங்கியது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நாகர்கோவிலில் வாங்கி வைத்திருந்த புது பெல்டை மாட்டினோம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். அவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் ஓடாத பெட்டியை எடுத்த எடுப்பில் பிளக்கில் செருகாதீர்கள். மின்சாரம் போகாமல் கிடந்தால் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கும், ஒரேயடியாக முழு மின்சாரத்தையும் கொடுத்தால் வெடிக்கக்கூடும். வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு சீரிஸ் பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய குண்டு பல்பு, 60 அல்லது 100 வாட். பெட்டிக்குப் போகும் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு விடாமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிட வேண்டும். எரிந்து மங்கினால் பெட்டி பிழைத்தது.

அவன் வீட்டு பல்பு எரிந்து மங்கியது. காசெட்டைப் போட்டோம். சத்தம் வந்தது, ஆனால் கம்பளிக்குள் இருந்து பாடுவது போல. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை, அதற்குள் நான்கு வரிசைப் பதிவு. பதிவு செய்த டெக்கில் ஹெட் இருந்த சாய்வு வேறு, இந்த ஹெட்டின் சாய்வு வேறு. மயிரிழை பிசகினாலும் மேல்சுரம் மறைந்துவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பினேன். கொஞ்சம் தெளிந்தது. இன்னும் திருப்பினேன். மறுபடியும் மங்கியது.

"நீங்கள் தாண்டிவிட்டீர்கள் சார். கொடுங்கள்" என்று ஸ்குரூ டிரைவரை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஆசான் செய்வது போலவே கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்னுக்குத் திருப்பினான். வில்லில் அடிக்கிற வீசுகோலின் மணிகள் தனித்தனியாகச் சிதறிக் கேட்டன. குடத்தின் வாயில் அடிக்கிற அடியும், பின்னால் ஜெனரேட்டர் இரைச்சலும், கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிடுவதும் கேட்டன. அடுக்களையில் இருந்து அவன் மனைவி வந்து கதவருகே நின்றாள். "இது எங்கள் ஊர்ப் புலவர் குரல் அல்லவா?" என்றாள்.

நாற்பத்தைந்து நிமிடம் ஓடி ஒரு பக்கம் முடிந்தது. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. காசெட்டை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் சார். மறுபக்கம் சனிக்கிழமை கேட்கலாம். மைக் செட் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மிச்சம் பதினாறையும் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றான். 

வணக்கம்.