எந்தத் தளத்துச் சின்னப் போட்டி எளிது?

வணக்கம் நேயர்களே.

இணையத்தில் போக்கர் ஆடுகிற இரண்டு பேர் சந்தித்தால், நல்ல சீட்டு வந்த கதை, வராத கதை எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு கேள்வி கட்டாயம் வரும். ஒரு டாலர், இரண்டு டாலர் கட்டி ஆடும் சின்னப் போட்டிகள் எந்தத் தளத்தில் எளிது? போக்கர்ஸ்டார்ஸிலா, ஜிஜிபோக்கரிலா, 888 போக்கரிலா? புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பலர் இதற்கு உறுதியாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் உள்ள கணக்கை வைத்து அந்தப் பதிலைச் சொல்லவே முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே நான் பேசப்போவது பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் போல, உரிமம் வாங்கிக்கொண்டு இதை நடத்தும் நாடுகளைப் பற்றி.

சரி, வழக்கமாக என்ன சொல்கிறார்கள்? "அந்தத் தளத்தில் நூறு போட்டி ஆடினேன், 40 சதவீதம் லாபம். இந்தத் தளத்தில் நூறு போட்டி ஆடினேன், 30 சதவீதம் நஷ்டம். அதனால் அதுதான் எளிது." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

180 பேர் ஆடும் ஒரு போட்டியை வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு டாலர். திரண்ட 180 டாலரில் முதல் ஆளுக்கு 30 சதவீதம், அதாவது 54 டாலர். இரண்டாம் ஆளுக்கு 36 டாலர். மீதி மேலும் 16 பேருக்குக் குறைந்துகொண்டே போகிறது. 162 பேர் வெறுங்கையோடு எழுந்து போகிறார்கள். இப்படிப்பட்ட போட்டியில் ஒரு தடவைக்கான திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, கட்டிய பணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வரும். நூறு போட்டி ஆடிச் சராசரி எடுத்தால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்கியும் 50 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. அதாவது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற திறமையுள்ள ஓர் ஆள் நூறு போட்டி முடிவில் 50 சதவீதம் மேலேயோ கீழேயோ இருந்தால் அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. நம் நண்பரின் 40 சதவீத லாபத்தில் ஒரே ஒரு முதல் பரிசை எடுத்துவிடுங்கள். 54 டாலர் போய்விடும், லாபம் 14 சதவீத நஷ்டமாக மாறிவிடும். அந்த முதல் பரிசோ, கடைசி இரண்டு பேர் மோதும்போது ஒரு சீட்டில் முடிவாகியிருக்கும்.

இரண்டு தளங்களுக்கு நடுவே 20 சதவீத வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்வதற்கு, ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் போட்டிகளுக்கு மேல் ஆடியிருக்க வேண்டும். ஐயாயிரம் ஆடி முடிப்பதற்குள் தளமும் மாறிவிடும், எதிரில் உட்கார்ந்தவர்களும் மாறிவிடுவார்கள், ஆடுகிறவரே மாறியிருப்பார்.

இதைவிடச் சின்னது ஒன்று உண்டு. ஒன்பது பேர் சேர்ந்ததும் தொடங்கிவிடும் சிட் அண்ட் கோ. முதல் மூவருக்கு 50, 30, 20 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. அதே 20 சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சுமார் ஐந்நூறு ஆட்டங்கள் போதும். தளங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இதில்தான் ஒப்பிட வேண்டும் என்பேன். ஆனால் 2014-ல் போக்கர்ஸ்டார்ஸ் ஸ்பின் அண்ட் கோவைக் கொண்டுவந்தது. மூன்றே பேர் ஆடும் ஆட்டம், பரிசுத் தொகை எவ்வளவு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அப்புறம் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

நம் லாப நஷ்டம் பதில் சொல்லாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? போட்டி தொடங்குவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற எண்களை.

முதலாவது கட்டணம். ஒரு டாலர் பத்து சென்ட் என்று போட்டிருந்தால், ஒரு டாலர் பரிசுக்குப் போகும், பத்து சென்ட் தளத்துக்கு. கட்டிய பணத்தில் 9 சதவீதம் ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. எல்லாரும் சமமாக ஆடினால் எல்லாருக்கும் 9 சதவீத நஷ்டம். பெரிய போட்டிகளில் இந்த விகிதம் குறைவு. 200 டாலருக்கு 15 டாலர் என்று போக்கர்ஸ்டார்ஸ் பல ஆண்டுகள் தன் ஞாயிற்றுக்கிழமைப் பெரிய போட்டியை நடத்தியது. குறைந்த பணம் கட்டுகிறவரிடம்தான் அதிக விகிதம் பிடிக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம் குறைந்தபட்சப் பரிசுக்கு உத்தரவாதம் கொடுத்த போட்டியில் ஆள் சேராவிட்டால், பற்றாக்குறையைத் தளம்தான் போட வேண்டும். 500 டாலர் என்று சொல்லி 400 டாலர்தான் திரண்டது என்றால், மீதி நூறு டாலர் ஆடுகிறவர்களுக்குக் கிடைத்த கொடை. எல்லாரும் சமமாக ஆடினால் அன்றைய போட்டி சராசரியாக லாபகரமானது. கூட்டம் குறைந்த சின்னத் தளங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

இரண்டாவது வேகம். போட்டியில் பணத்துக்குப் பதிலாகக் கட்டி ஆடுவது சிப்ஸ், அது தீர்ந்தவர் வெளியேற வேண்டியதுதான். தொடக்கத்தில் 10,000 சிப்ஸ் தருகிறோம் என்று ஒரு தளம் பெருமையாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு கையிலும் சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறை வைத்துக் கட்ட வேண்டிய தொகைதான் பிளைண்ட், அதில் பெரியது பெரிய பிளைண்ட். பெரிய பிளைண்ட் 200 என்றால் அந்த 10,000 வெறும் 50 பிளைண்ட்தான். இன்னொரு தளம் 1,500 சிப்ஸ்தான் தரும், ஆனால் பிளைண்ட் 20-ல் தொடங்கும். அது 75 பிளைண்ட். ஆக, 1,500-தான் அதிகம். அப்புறம் பிளைண்ட் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறுகிறது என்று பாருங்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்றால் அரை மணி நேரத்துக்குள் எல்லார் கையிலும் பத்துப் பதினைந்து பிளைண்ட்தான் மிஞ்சும். அதன் பிறகு ஆல்-இன், அதாவது இருப்பதையெல்லாம் கட்டுவது, அல்லது ஃபோல்டு, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது, வேறு வேலை கிடையாது. இந்த நிலைக்கான சரியான ஆட்டத்தை அட்டவணை போட்டு வெளியிட்டுவிட்டார்கள், மனப்பாடம் செய்தால் போதும். கத்துக்குட்டிக்கும் தேர்ந்தவருக்கும் உள்ள இடைவெளி அங்கே மிகக் குறுகல். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட் ஏறும் போட்டியில் அதே ஆட்களே இருந்தாலும், நன்றாக ஆடுகிறவருக்கு அது எளிது.

மூன்றாவது, எதிரே யார் இருக்கிறார்கள் என்பது. இங்கே ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். "ஒரு டாலர் போட்டியில் யாரும் ஃபோல்டு செய்வதே இல்லை. எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் கால் செய்கிறார்கள், நான் கட்டியதற்குச் சமமாகக் கட்டிவிடுகிறார்கள். ஜோடி ஏஸ் வந்தாலும் தோற்கிறேன். அதனால் இதுதான் கஷ்டம்." இது தவறு. தொடக்கச் சீட்டுகளில் மிகச் சிறந்ததான ஜோடி ஏஸ், கண்ணை மூடிக்கொண்டு வரும் ஓர் எதிராளியை 85 சதவீதம் வெல்லும். அப்படி நான்கு பேர் சேர்ந்து வந்தால் 56 சதவீதம்தான் வெல்லும். பாதிக்குப் பாதி தோற்பது போலத் தோன்றும், மனசு நோகும். ஆனால் ஐந்து பேர் போட்ட பணத்தில் நம் பங்கு ஐந்தில் ஒன்று, வெல்வதோ பாதிக்கும் மேல். அடிக்கடி தோற்றும் அதிகம் சம்பாதிக்கிற இடம் அது. முதல் சுற்றுப் பந்தயத்துக்குப் பிறகு மேசையில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு ஃபிளாப் என்று பெயர். எத்தனை பேர் ஃபிளாப் பார்க்க வருகிறார்கள் என்ற எண்ணிக்கைதான், ஒரு தளத்தின் எளிமைக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல அடையாளம். அதற்குப் பணமே கட்ட வேண்டாம். பெரும்பாலான தளங்களில் மேசையைத் திறந்து வேடிக்கை பார்க்க விடுவார்கள். முதல் அரை மணி நேரம் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். சராசரியாக இரண்டு பேர் ஃபிளாப் பார்க்கும் தளமும் நான்கு பேர் பார்க்கும் தளமும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரிய ஐயாயிரம் போட்டி வேண்டியதில்லை, ஒரு மாலை போதும்.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் ஓரிடத்தில் சேர்வதும் கலைவதும் பெரும்பாலும் சட்டத்தால் நடக்கிறது. 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணையப் போட்டி வழியாக உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அன்று 839 பேர் ஆடிய போட்டியில் 2006-ல் 8,773 பேர் ஆடினார்கள். இணைய மேசைகளிலும் புதியவர்கள் நிறைந்த காலம் அது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது, அமெரிக்கக் கூட்டம் அந்தத் தளங்களிலிருந்து சட்டென அற்றுப்போனது. பிரான்ஸ் 2010-ல் தன் ஆட்டக்காரர்களைத் தனியாக வேலி போட்டுப் பிரித்தது. 2018-ல் ஸ்பெயினோடு அந்த வேலியைத் திறந்தது. ஆக, பாரிஸில் ஒருவர் ஆடும் போக்கர்ஸ்டார்ஸும் லண்டனில் ஒருவர் ஆடும் போக்கர்ஸ்டார்ஸும் பெயரில்தான் ஒன்று, உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. 888 போல கசினோவிலிருந்து வளர்ந்த தளத்தில், கசினோவுக்கு வந்தவர் போகிற போக்கில் போக்கர் மேசையிலும் உட்காருவார். எதிராளியின் பழைய ஆட்டத்தைப் புள்ளிவிவரமாகக் காட்டும் மென்பொருளைச் சில தளங்கள் தடுத்திருக்கின்றன. பார்ட்டிபோக்கர் 2019-ல் தடுத்தது, ஜிஜிபோக்கரும் அனுமதிப்பதில்லை. அங்கே புதியவருக்கு வேட்டையாடப்படும் பயம் கொஞ்சம் குறைவு.

இதெல்லாம் தெரிந்த பிறகு என் முன்னால் இரண்டு போட்டிகளை வைத்தால் என்ன செய்வேன்? ஒன்று, பலரும் எளிது என்று சொல்லும் தளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட் ஏறும் டர்போ. இன்னொன்று, கஷ்டம் என்று பெயர் வாங்கிய தளத்தில், 75 பிளைண்டில் தொடங்கி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும் போட்டி. கட்டணம் இரண்டிலும் சமம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அதுவும் ஐரோப்பாவில் ஆட்கள் ஓய்வாக வந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில். அதற்கு முந்தின வாரம் அதே நேரத்தில் அந்த மேசையைத் திறந்து, எத்தனை பேர் ஃபிளாப் பார்க்கிறார்கள் என்று எண்ணிக் குறித்து வைத்திருப்பேன்.

வணக்கம்.