ஆபீஸ் பக்கத்தில் வீடா, தள்ளிப் போய் குறைந்த வாடகையா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பெரிய நகரம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஆபீஸ் பக்கத்தில் வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வாடகைக்கே போகிறது. இரண்டு மணி நேரம் தள்ளிப் போனால் வாடகை பாதியாகிறது. நான் தனி ஆள். எதை எடுப்பது?"

இந்தக் குழப்பத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாடகை வேறு, பயணச் செலவு வேறு என்று பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே செலவு. ஒன்று குறையும் இடத்தில் இன்னொன்று ஏறும்.

நகர மையத்தை விட்டு விலக விலக வாடகை ஏன் இறங்குகிறது? வில்லியம் அலோன்சோ என்ற பொருளாதார அறிஞர் 1964-இல் இதை விளக்கினார். தள்ளி இருப்பவருக்குப் பயணச் செலவு கூடும், அதனால் அவர் அந்த இடத்துக்குக் குறைவாகத்தான் கொடுக்க முன்வருவார். ஆக, அந்தக் குறைந்த வாடகை உங்களுக்குக் கிடைத்த லாபம் இல்லை. நீங்கள் படப்போகும் பாட்டுக்கு முன்கூட்டியே கழித்துக் கொடுத்த தொகை அது.

கழித்துக் கொடுத்தது போதுமா என்பதுதான் கேள்வி. நேயரின் நிலையை வைத்தே பார்ப்போம். சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கு வாடகை 45, போக்குவரத்துக்கு 3, மொத்தம் 48. தள்ளியிருக்கும் வீட்டுக்கு வாடகை 22, மாதப் பாஸும் ஸ்டேஷனில் இறங்கி வீடு வரை போகிற செலவும் 10, நேரமாகிவிட்டதே என்று வெளியில் சாப்பிடுவதற்கு ஒரு 5. மொத்தம் 37. மிச்சம் 11 மட்டுமே. வாடகையை மட்டும் பார்த்தபோது 23 மிச்சம் போலத் தெரிந்தது, இல்லையா?

இப்போது நேரத்துக்கு வாருங்கள். போக இரண்டு, வர இரண்டு, நாளைக்கு நான்கு மணி நேரம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 88 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் பதினொரு நாள்! பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வழிக்கு இருபது நிமிடம் என்றால் மாதத்துக்கு 15 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது 73 மணி நேரத்தைக் கொடுத்து 11 சம்பாதிக்கிறீர்கள். ஆபீஸில் 176 மணி நேரத்துக்கு 100 வாங்குகிறவர், பயணத்தில் தன் ஒரு மணி நேரத்தை அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறார். உங்கள் எண்களைப் போட்டால் விடை மாறலாம். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் இருவரும் ஜெர்மனி மக்களிடம் எடுத்த தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். நெடுந்தூரம் போய் வருகிறவருக்கு நல்ல சம்பளமோ குறைந்த வாடகையோ அந்தச் சிரமத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லை, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. பெரிய அறை சில வாரங்களில் பழகிப்போகிறது. நெரிசல் பழகுவதில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளுக்கு 1969-இல் 25 சதவீதம் என்று வைத்த உச்சவரம்பை 1981-இல் 30 ஆக்கினார்கள். அதில் பயணச் செலவு சேரவில்லை. சிகாகோவில் இருக்கும் ஓர் ஆய்வு அமைப்பு பிறகு இரண்டையும் சேர்த்து 45 சதவீதம் என்று ஓர் அளவு வைத்தது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

சரி, அப்படியானால் பக்கத்து வீடா? 48 என்பதும் அந்த அளவைத் தாண்டுகிறதே. அதனால் நான் மூன்றாவதாக ஒரு வழி சொல்வேன். தனி ஆள்தானே, முதல் வருடம் அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆபீஸுக்கு வரும் ரயில் தடத்திலேயே, வண்டி மாறாமல் 45 நிமிடத்தில் வரக்கூடிய இடத்தில் தேடுங்கள். பங்கு வாடகை 25, பயணம் 6 என்று வைத்தாலும் 31-இல் முடிகிறது. தள்ளிப் போவதைவிடக் குறைவு, நேரமும் மாதத்துக்கு 33 மணிதான். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து கிலோமீட்டரில் இரண்டு முறை வண்டி மாறுவதைவிட, முப்பது கிலோமீட்டர் ஒரே ரயிலில் உட்கார்ந்து வருவது எவ்வளவோ மேல்.

தள்ளிப் போவது சரியாக வரும் ஆட்களும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போனால் போதும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும், தாராளமாகத் தள்ளிப் போகலாம். அப்போது மாதப் பாஸ் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள், தனித்தனி டிக்கெட்டே மலிவாக இருக்கலாம். குடும்பம், குழந்தைகளின் பள்ளி, துணைவரின் வேலை என்று இருப்பவர்களிடம் அறையைப் பகிருங்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அவர்கள் வீட்டில் எல்லோருடைய பயணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நிறுவனத்திடம் பயணப்படி கேட்கத் தயங்காதீர்கள். ஜப்பானில் பெரும்பாலான நிறுவனங்கள் இதைக் கொடுப்பது வழக்கம். சம்பளத்தைக் கூட்டித் தராத இடத்தில்கூட இதற்கு ஒத்துக்கொள்வார்கள், அல்லது கூட்ட நேரத்தைத் தவிர்க்க ஒரு மணி நேரம் முன்பின் வர விடுவார்கள்.

வீட்டைப் பிடிக்கும் முன் வேலை நாள் ஒன்றில் காலைக் கூட்ட நேரத்தில் அந்த வழியில் ஒரு முறை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது என்பதையும் கேட்டு வையுங்கள். அப்புறம், ஒப்பந்தத்தில் நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.