படத்தில் இருப்பது யார்?

(மூணாறில், தோட்டத்து இளைஞர்களுக்கான செய்திப் புகைப்பட முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

திரையில் தெரிவதுதான் பத்திரிகையில் வந்த என் முதல் படம். கொழுந்துச் சாக்கு பக்கத்தில் கிடக்க, ஒரு அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். கீழே அச்சானது இது: ‘கொட்டும் மழையிலும் மகிழ்ச்சியோடு கொழுந்து பறிக்கும் தொழிலாளி.’

நடந்தது வேறு. அது எடை போடுகிற இடம். ஈரக் கொழுந்து என்று சொல்லி மூன்று கிலோ கழித்துவிட்டார்கள். அந்த அக்கா காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக் காட்டி, "தண்ணிக்குக் கழிச்சிட்டீங்க. என் ரத்தத்தைக் குடிச்சு இதுவும் கனத்துப் போயிருக்கு, இதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த நொடியில் நான் பட்டனை அழுத்தினேன்.

பேப்பர் வந்த மறுநாள் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நான் சந்தோஷமா இருக்கேன்னு உங்கிட்ட எப்போ சொன்னேன்?"

எழுதியது பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் நான் அனுப்பிய கவரில் பெயரும் இல்லை, எடைக் கதையும் இல்லை. வெறும் படம்தான் இருந்தது. வெறும் படத்தைக் கொடுத்தால் வாங்குகிறவர் தன் மனதில் ஏற்கெனவே இருக்கிற கதையை அதில் ஊற்றிக்கொள்வார். தேயிலை என்றால் பச்சை, பெண், சிரிப்பு. டீத்தூள் பாக்கெட் நமக்குப் பழக்கிவிட்ட கதை அதுதான்.

அதனால் கேமராவைப் பற்றி இன்று நான் அதிகம் பேசப்போவதில்லை. லென்ஸ், வெளிச்சம் எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நிறத்தை ஏற்றாதீர்கள். 2018இல் குறிஞ்சி பூத்தபோது போனில் சுற்றிய சில படங்களில் இருந்த நீலத்தை நான் மலையில் எங்கேயும் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூக்கிற பூவுக்கு நாம் சாயம் பூச வேண்டுமா?

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பாட்டன் பூட்டன்மார் காலத்தில், 1876 முதல் 1878 வரை, மதராஸ் மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. அப்போது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்தவை. கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி அடுக்கி வைத்திருப்பார். எடுத்தவர் பெயர் தெரியும். உட்கார்ந்திருந்தவர்கள் யார்?

அமெரிக்காவில் ஒரு படம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங்கே எடுத்தது. கன்னத்தில் கை வைத்த தாய், இரண்டு தோளிலும் முகம் புதைத்த பிள்ளைகள். லாங்கே அப்போது அரசாங்கத் துறை ஒன்றுக்காக வேலை பார்த்தவர். இன்றைய பேச்சில் சொன்னால் அது மக்கள் தொடர்பு வேலை. வேலை நன்றாகவே நடந்தது: படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது. ஆனால் அந்தத் தாய் அதற்குள் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். லாங்கே பெயரைக் கேட்டு வைக்கவில்லை. பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. நாற்பத்திரண்டு வருஷம்! அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனத்தாங்கலோடு சொன்னார்.

நம் பெட்டிமுடிக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. லயங்களோடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு, எழுபது பேரை மண்சரிவு கொண்டுபோனது. கரண்ட் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கோழிக்கோட்டுப் பக்கம் கரிப்பூரில் விமானம் விழுந்தது, பாதி கேமராக்கள் அங்கே திரும்பின. பெட்டிமுடியிலிருந்து நாடு முழுக்கப் போன படம் எது? தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த நாய். அது கூவி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இடுக்கி போலீஸ் அதைச் சேர்த்துக்கொண்டதும் தெரியும். நல்ல படம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே இறந்து, ராஜமலையில் புதைக்கப்பட்டவர்களில் ஐந்து பேர் பெயரைச் சொல்லுங்கள் என்று வெளியூரில் ஒரு செய்தியாளர் கூட்டத்தில் கேட்டேன். கூவி என்று மட்டும்தான் பதில் வந்தது.

ஆகவே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த கையோடு பெயரைக் கேட்டு, எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். நம் ஊரில் பேச்சியம்மா என்று கூப்பிட்டால் ஒரே லயத்தில் மூன்று பேர் திரும்புவார்கள், அதனால் எஸ்டேட், டிவிஷன், லயம் நம்பர் எல்லாம் வேண்டும். பட்டனை அழுத்துவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். என்னுடைய அட்டை அந்த வரியில்தான் இருந்திருக்க வேண்டும்.

பெயர் போடக்கூடாத இடமும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி, வீடு எதுவும் வரக்கூடாது. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடைப் புத்தகம் தயாரிக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அழுகிற பிள்ளையின் முகத்தை வைத்துப் பணம் கேட்பதற்கு முன்னால், பெரியவளானதும் அவள் அந்தப் படத்தைப் பார்ப்பாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று ஒன்றுசேர்ந்த தோட்டப் பெண்கள் போனஸுக்காக இந்த டவுனில் உட்கார்ந்தார்களே, அப்போது ஒரு அம்மா என்னிடம், "முகம் வேண்டாம் தம்பி, வேணும்னா காலை எடுத்துக்கோ" என்றார். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். பிறகு குனிந்து எடுத்தேன். வெடித்த குதிகால்கள் வரிசையாக, பக்கத்தில் கழற்றி வைத்த ரப்பர் செருப்புகள், ஒன்றில் வாருக்குப் பதில் ஊக்கு. தலைவர்களின் மைக் படங்களைவிட அதைத்தான் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டு எடுத்த படம், அதனால் கொடுக்கவும் கூச்சமில்லை.

இப்போது நான் செய்கிற வேலையைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடம் பெயர் எழுதாத பழைய பிரிண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போகிறேன். ரிட்டயர் ஆனவர்கள் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கம் போய்விடுகிறார்கள், அங்கேயும் பஸ் ஏறிப் போகிறேன். போன மாதம் ஒரு படத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. மூடுபனியில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண், முகம் துளியும் தெரியாது. ஒரு பாட்டி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இடுப்பில் கட்டியிருந்த படுதாவின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே சிவப்பு நூலில் ஒரு ஒட்டு.

"இது என் நாத்தனா. இந்தக் கிழிசலைத் தைச்சுக் கொடுத்தது நான்தான், வெள்ளை நூல் தீந்து போச்சு அன்னைக்கு."

பேனாவை வாங்கிப் படத்தின் பின்னால் அவரே பெயரை எழுதிக் கொடுத்தார்.