கிழிந்துபோன கடைசிப் பக்கங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மாயாஜாலக் கதை, காமிக்ஸ், காதல் நாவல் ஆகிய மூன்றையும் பொழுதுபோக்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறோம். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உள்ளே நல்ல சரக்கும் உண்டு, சொத்தையும் உண்டு.

நான் முதலில் படித்தது அம்புலிமாமா. 1947இல் தொடங்கிய பத்திரிகை அது. என் கைக்கு வந்தவை பக்கத்து வீட்டுப் பழைய இதழ்கள். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார். அவர் 2020இல் மறைந்தபோது சொந்தக்காரர் ஒருவரை இழந்ததுபோல இருந்தது எனக்கு. அந்தக் கதைகளில் பேயைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நிபந்தனைதான். விடை தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். எப்படிப் போனாலும் நஷ்டம். அப்படியும் சற்றும் மனம் தளராமல், நியாயம் எதுவோ அதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறான். மாயத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தால்தான் கதை நிற்கும் என்பதை அங்கேதான் கற்றேன். மந்திரக்கோலை ஆட்டினால் எதுவும் நடக்கும் என்கிற கதைகள் இன்றும் எனக்கு அலுப்புத்தான்.

அப்புறம் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. பிறந்த ஊர் இங்கிலாந்து. அங்கே 1962இல் ஒரு வார இதழில் தொடங்கியது. படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். ஆனால் தமிழில் படித்த எங்களுக்கு மாயாவி உள்ளூர் ஆள் மாதிரிதான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை மட்டும் நகர்ந்துவரும் கட்டங்களை இப்போது பார்த்தாலும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். கையும் மறைந்திருந்தால் அவனுக்கு ஆபத்தே இருந்திருக்காது. நமக்குக் கதையும் இருந்திருக்காது. அதே கட்டுப்பாடுதான்! இத்தாலியிலிருந்து வந்த டெக்ஸ் வில்லரின் குதிரையும் துப்பாக்கியும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் டெக்ஸ் தோற்கமாட்டார் என்று தெரிந்துவிட்டால் என் வேகம் குறைந்துவிடுகிறது.

சரி, காதல் நாவலுக்கு வருவோம். நான் அதிக நேரம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் மூன்றிலும் அதிகம் ஏச்சு வாங்குவது இதுதான். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். வாடகை நூலகங்களில் அவர் புத்தகங்களின் அட்டை நைந்து, ஒட்டுப்போட்டுத்தான் இருக்கும். படித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "எல்லாம் ஒரே கதைதானே, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்" என்பார்கள் ஏசுபவர்கள். வேதாளமும் ஒவ்வொரு முறையும் மரத்துக்குத்தான் போகிறது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இருவரும் சேருவார்கள் என்பது காதல் நாவலின் கட்டுப்பாடு. அதற்குள் நின்றுகொண்டு ஒரு பெண்ணின் தயக்கத்தை, ரோஷத்தை, கோபம் ஆறும் விதத்தை எழுதுவது சுலபமான வேலையா?

எனக்கு ஒத்துவராததையும் சொல்ல வேண்டும். இந்த வகை நாவல்கள் பலவற்றில் கதாநாயகன் அவளைச் சந்தேகப்படுகிறான், அவமானப்படுத்துகிறான், சிலவற்றில் கையும் ஓங்குகிறான். கடைசி அத்தியாயத்தில் "உன்மேல் வைத்த அன்பால்தான்" என்று ஒரு வரி, அவளும் மன்னித்துவிடுகிறாள். அதை என்னால் ஏற்க முடியாது. சேருவது விதி என்றால், அந்தச் சேர்க்கைக்கு அவன் தகுதியாக வேண்டும். வேலைக்குப் போகிற, தன் வீட்டுக் கடனைத் தானே அடைக்கிற, வயது நாற்பதைத் தாண்டிய பெண்களின் காதலையும் நான் நிறையப் படிக்க ஆசைப்படுகிறேன்.

என் அம்மா ஒருமுறை வாடகைக்கு எடுத்துவந்த நாவலில் கடைசி நான்கு பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள். இரண்டு நாள் அம்மா அதே நினைப்பாக இருந்தார். "எப்படியும் சேர்ந்திருப்பாங்கம்மா, விடு" என்றேன். இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "சேர்ந்திருப்பாங்க, அது தெரியும்டி. அவ்வளவு பேசினானே, அவகிட்ட எப்படி மன்னிப்புக் கேட்டான்? அதுதான் தெரியணும்."