ஹிதேயோஷி ஏன் ஷோகன் ஆகவில்லை? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஹிதேயோஷியின் எஜமானராக இருந்த போர்த்தலைவர் நோபுனாகா பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "ஜப்பான் முழுவதையும் ஒரே கைக்குள் கொண்டுவந்தவர் டொயோடோமி ஹிதேயோஷி என்கிறீர்களே, அப்புறம் அவர் ஏன் ஷோகன் பட்டம் வாங்கவில்லை? விவசாயி மகன் என்பதாலா?"

பலரும் சொல்கிற பதில் அதுதான். ஷோகன் என்றால் நாட்டை ஆளுகிற படைத்தலைவர், மினமோட்டோ என்கிற போர்வீரர் வம்சத்தாருக்குத்தான் அந்தப் பட்டம், இவரோ ஓவாரி நாட்டில் நகமுரா என்கிற கிராமத்தில் 1537-ல் ஒரு சாதாரணக் காலாள் வீட்டில் பிறந்தவர், எப்படிக் கொடுப்பார்கள் என்பார்கள். எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை. 1585-ல் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கோனோயே என்கிற பெரிய அரண்மனைக் குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போனார், 48 வயதில்! போன கையோடு கம்பாக்கு பதவியை வாங்கிக்கொண்டார். பேரரசர் பெயரால் நாட்டை நடத்துகிற பதவி, அதுவரைக்கும் ஃபூஜிவாரா வம்சத்தைத் தவிர யாரும் உட்காராத இடம், அரண்மனை வரிசையில் ஷோகனுக்கும் மேலே. அடுத்த வருடமே டொயோடோமி என்று புதுக் குடும்பப் பெயரும் வந்துவிட்டது. கையில் படை இருந்தால் பூர்வீகம் தன்னால் வரும். கடைசி அஷிகாகா ஷோகனிடம் போய் என்னைத் தத்து எடுத்துக்கொள் என்று கேட்டார், அவர் முடியாது என்றுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ரசமான கதை, ஆனால் ஆதாரம் பலமில்லை.

அதனால் பட்டத்தை விடுங்கள். நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்கலாம்: அடிமட்டத்திலிருந்து ஏறி வந்த இந்த ஆள், தான் ஏறின ஏணியை ஏன் எட்டி உதைத்தார்?

எப்படி ஏறினார் என்பதைப் போன பேச்சிலேயே பார்த்தோம். 1582-ல் ஹொன்னோஜி கோயிலில் சொந்தத் தளபதி அகேச்சி மிட்சுஹிதே துரோகம் செய்து நோபுனாகா செத்துப்போன நேரத்தில், ஹிதேயோஷி மேற்கே மோரி குலத்துப் படைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர்களுடைய தகாமட்சு கோட்டை தாழ்வான சதுப்பு நிலத்தில் இருந்தது, ஆற்றை மறித்துக் கரை கட்டி அந்தக் கோட்டையையே குளத்துக்குள் தீவு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். சேதி வந்ததும் மோரி தரப்புக்கு மூச்சு விடவில்லை. அவசர அவசரமாகச் சமாதானம் பேசினார். கோட்டைத் தலைவர் ஷிமிசு முனேஹாரு, சுற்றி நிற்கிற தண்ணீரில் ஒரு படகில் வந்து, இரு தரப்பும் பார்க்க வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அது முடிந்ததும் படையைத் திருப்பிக்கொண்டு கிழக்கே ஓட்டம், நோபுனாகா செத்துப் பதினொரு நாளில் யமாசாகியில் மிட்சுஹிதே கதை முடிந்தது.

இவ்வளவும் ஒரு காலாள் மகனால் முடிந்தது என்றால், அன்றைக்கு ஊரில் எவனும் ஈட்டி எடுத்துப் படையில் சேரலாம் என்ற நிலைமை இருந்ததால்தான் முடிந்தது. அந்த நிலைமைக்குத்தான் 1588-ல் வேட்டு வைத்தார். விவசாயிகள் வாள், வில், ஈட்டி, துப்பாக்கி எதையும் வைத்திருக்கக் கூடாது என்று ஆணை. காரணத்தையும் அதிலேயே எழுதியிருக்கிறார்: ஆயுதம் இருந்தால் வரி ஒழுங்காக வராது, கலகம் வரும். பறிக்கிற இரும்பு வீணாகாது, கியோட்டோவில் கட்டுகிற பெரிய புத்தருக்கு ஆணியாகவும் தாழாகவும் போகும், உங்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் புண்ணியம் என்கிறார். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! அந்தப் புத்தர் 1596 பூகம்பத்தில் நொறுங்கிப்போனார், அது தனிக் கதை.

இதை நன்றி கெட்டதனம் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நான் பயம் என்பேன். இஷியாமா ஹொங்கான்ஜி பற்றி அடிக்கடி சொல்கிறேனே, நோபுனாகாவைப் பத்து வருடம் தண்ணி குடிக்க வைத்த மடம். அதற்காகச் சண்டை போட்டதில் பெரும்பங்கு ஊர்க்காரர்கள். அந்த மடம் இருந்த இடத்தில்தான் ஹிதேயோஷி 1583-ல் ஒசாகா கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். ஆயுதம் ஏந்திய விவசாயி என்ன செய்வான் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

திரும்பவும் சொல்கிறேன், ஏணியை உதைத்தார். 1591 ஆணையைப் பாருங்கள்: சாமுராயின் ஆள் விவசாயியாகவோ வியாபாரியாகவோ மாறக் கூடாது, விவசாயி நிலத்தைப் போட்டுவிட்டு வியாபாரத்துக்கோ கூலிக்கோ போகக் கூடாது, ஊர் ஒளித்து வைத்தால் ஊருக்கே தண்டனை.

இதே மனிதர்தான் 1587-ல் கிட்டானோ கோயிலில் தேநீர் விருந்து வைத்து, விவசாயியானாலும் வேலைக்காரனானாலும் வரலாம், ஒரு கெண்டியும் கோப்பையும் கொண்டு வந்தால் போதும், தேயிலை இல்லையென்றால் வறுத்த மாவு கலக்கிக் குடிக்கலாம் என்று பலகை வைத்து அழைத்தார். பத்து நாள் விருந்து, ஒரே நாளில் நின்றுபோனது. எனக்கு இந்த ஒரு நாள் ரொம்பப் பிடிக்கும். மறு வருடம் அதே விவசாயிகள் வீட்டு வாளைத்தான் எடுக்க ஆள் அனுப்பினார்.

கொரியப் படையெடுப்பைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்சின் வராமல் அதைப் பேச முடியாது, அதற்குத் தனியாக ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம்.