வெனிஸின் கெட்டோ சதுக்கம்: இந்த வீடுகளுக்கு ஏன் இத்தனை மாடி?

[காட்சி: ரயில் நிலைய வாசல், கால்வாய், கூட்டம்]

வெனிஸில் ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரும் ஊரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோவை நோக்கி ஓடுவார்கள். நாம் கன்னரேஜோ பகுதியில் இருக்கும் கெட்டோவுக்கு, ஒரு காலத்தில் யூதர்களை அடைத்துவைத்த இடத்துக்குப் போகலாம். நிலையத்திலிருந்து இடது பக்கமாக நடந்தால் குல்யே பாலம் வரும். அதைத் தாண்டி, கால்வாய் ஓரமாக மறுபடி இடது பக்கம் திரும்புங்கள். கொஞ்ச தூரத்தில் வலது கைப் பக்கம், வீடுகளுக்கு அடியில் தாழ்வான ஒரு வழி உள்ளே போகும்.

[காட்சி: வாசல் கல், மிக அருகில்]

உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வாசல் கல்லைப் பாருங்கள். குழிகள் தெரிகின்றனவா? கதவின் கீல்கள் பொருத்தப்பட்டிருந்த இடம் அது. இரவானால் இந்தக் கதவைப் பூட்டி, யூதர்களை உள்ளேயே அடைத்துவைத்தார்கள்.

இந்தச் சந்தின் வழியே போய் ஒரு சின்னப் பாலம் ஏறி இறங்கினால், காம்போ டெல் கெட்டோ நுவோவோ, அதாவது புதிய கெட்டோ சதுக்கம். சுற்றிலும் கால்வாய், நடுவில் மூன்று பழைய கிணறுகள். மொத்தச் சதுக்கமும் ஒரு தனித் தீவு. அதனால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பாலங்களை அடைத்துவிட்டால் போதும், யாரும் வெளியே போக முடியாது.

1509-இல் நடந்த போருக்குத் தப்பி, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நிறைய யூதர்கள் வெனிஸுக்கு வந்தார்கள். அவர்களை விரட்டச் சொல்லி மதப் பிரசங்கிகள் நெருக்கினார்கள். அரசுக்கோ அவர்களுடைய வரிப்பணமும் கடனும் வேண்டியிருந்தது. ஆட்கள் வேண்டாம், பணம் மட்டும் வேண்டும். இந்தக் கணக்குக்கு அரசு கண்டுபிடித்த வழிதான் 1516 மார்ச் 29-ஆம் தேதி ஆணை. ஊரில் இருந்த யூதர்கள் எல்லோரும் இந்தத் தீவுக்குள் குடியேற வேண்டும். காலையில் சான் மார்க்கோவின் மணி அடித்ததும் கதவு திறக்கும், இரவில் மூடும். கால்வாயில் காவல் படகுகள் சுற்றும். அந்தக் காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தது யார் தெரியுமா? உள்ளே அடைபட்டிருந்த யூதர்கள்தான். வீட்டு வாடகையையும் மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிட்டார்கள்.

[காட்சி: கேமரா கீழிருந்து மேலே, ஒவ்வொரு ஜன்னல் வரிசையாக]

சரி, இப்போது சதுக்கத்தின் நடுவில் நின்று ஜன்னல் வரிசைகளை எண்ணுங்கள். ஆறு, ஏழு, சிலவற்றில் எட்டு. வெனிஸின் மற்ற பகுதிகளில் பழைய வீடுகள் இவ்வளவு உயரமாக இருக்காது. ஜன்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கவனியுங்கள், ரொம்பக் குறைவு. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், தீவோ வளரவில்லை. இருந்த மாடியைத் தடுத்து இரண்டாக்கினார்கள், அதன் மேல் இன்னொன்று கட்டினார்கள். 1541-இலும் 1633-இலும் பக்கத்து இடங்கள் சேர்க்கப்பட்டும் நெருக்கடி தீரவில்லை. அந்த ஆணை எப்படி வேலை செய்தது என்பதை இந்தச் சுவர்களைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டாது என்றே நான் நினைக்கிறேன்.

[காட்சி: மேல் மாடியில் ஐந்து பெரிய ஜன்னல்கள்]

அதோ, ஒரே வரிசையில் ஐந்து பெரிய ஜன்னல்கள். அது வீடு இல்லை, 1575-இல் கட்டிய இத்தாலிய யூதர்களின் ஜெப ஆலயம். ஜெர்மானிய யூதர்களுடையது இன்னும் பழையது, 1528-இல் தொடங்கியது. கீழே குடித்தனங்கள், உச்சியில் ஆலயம். ஜெபம் செய்யும் இடத்துக்கு மேலே யாரும் புழங்கக் கூடாது, வானம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. உள்ளே போனால் தங்கப்பூச்சும் மர வேலைப்பாடும் அசரவைக்கும்.

கீழே தூண்களுக்குப் பின்னால் பாங்கோ ரோஸ்ஸோ, அதாவது ‘சிவப்பு வங்கி’, பழைய அடகுக்கடை. ரசீதின் நிறத்தை வைத்து சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று கடைகள் இருந்தன. நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்பது யூதர்கள் இங்கே தங்குவதற்கு அரசு விதித்த நிபந்தனை. பழந்துணி வியாபாரம், வைத்தியம் என்று வேறு சில தொழில்களைத்தான் விட்டுவைத்தார்கள்.

1797-இல் நெப்போலியனின் படை வந்தது. ஜூலையில் கதவுகளைப் பெயர்த்து, இதே சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள்.

[காட்சி: செங்கல் சுவர், வெண்கலப் பலகைகள், மேலே முள்கம்பி]

அப்புறம் 1943. யூத சமூகத்தின் தலைவராக இருந்தவர் ஜுசெப்பே யோனா என்ற மருத்துவர். தம் மக்களின் பெயர்ப் பட்டியலை நாஜிகளிடம் கொடுக்க மறுத்து, செப்டம்பர் 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்தும், அடுத்த மாதங்களில் வெனிஸிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களை நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இந்தச் சதுக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்தைக்கூட விடவில்லை. இந்த வெண்கலப் பலகைகள் அவர்களுக்காக ஆர்பிட் பிளாட்டாஸ் என்ற கலைஞர் வடித்தவை. படம் எடுப்பதானால், தயவுசெய்து இதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், இங்கிருக்கும் யூத அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஜெப ஆலயங்களுக்குள் அருங்காட்சியக வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், அதனால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சதுக்கத்துக்குக் கட்டணம் கிடையாது. திரும்பும்போது வடக்குப் பக்கம் உள்ள இரும்புப் பாலம் வழியாகப் போங்கள். அங்கே நின்று பார்த்தால் மாடிகளின் உயரமும் தீவைச் சுற்றிய கால்வாயும் ஒரே பார்வையில் தெரியும்.